கூலருக்கு அடியில் இருந்த தாள்

“இஞ்ச வெச்சுப்போட்டுப் போக ஏலா காக்கா. கழட்டுறதெண்டா என்ட கண்ணுக்கு முன்னால கழட்டுங்க.”

நிப்றாஸ் நிமிர்ந்து பார்த்தான்... பார்த்தவன் பார்த்தபடியே நின்றான்.

வெளியே கல்முனைப் பிரதான வீதி மாரி மழையில் நனைந்துகொண்டிருந்தது. உள்ளே, அவனுடைய கம்பியூட்டர் கடையில், கறுப்பு அபாயாவில் ஒருத்தி. இமை ஓரத்தில் இன்னும் உலராத இரண்டு மழைத்துளி. அந்தக் கண்களில் கோபம் இருந்தது. என்ன செய்ய, அந்தக் கோபமும் அழகாகத்தான் இருந்தது! அவளுக்குப் பின்னால் அவளுடைய வாப்பா சீனிமுகம்மது, பொலித்தீன் சுற்றிய கம்பியூட்டரை மேசையில் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

மூன்று கிழமைக்கு முன் அந்தக் கம்பியூட்டரைத் பாகம் பாகமாகத் தன் கையால் பூட்டிக் கொடுத்தவனே நிப்றாஸ்தான். வந்து வாங்கிப்போனது அவளுடைய காக்கா, மூத்த அண்ணன். ஆகவே இவளை இன்றைக்குத்தான் காண்கிறான்.

“ஏன், எங்களில நம்பிக்கை இல்லையா?” என்று சுருக்கென்று கேட்டான். வழக்கமாகக் கடைக்கு வரும் இளம் பெண்களைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவான். அன்று ஏனோ அந்தச் சொல் வாயில் வரவில்லை... அவள் மட்டும் கூசாமல் ‘காக்கா’ என்று அண்ணன் முறை வைக்கிறாளே!

“நம்பிக்கை இல்லாம இல்ல. நான் கலியாண வீட்டுல பொம்பிளைகள்ட பக்கம் வீடியோ எடுக்கிற. எடிட் பண்றதும் நான்தான். ஆம்பிளைகள்ட கண்ணுல படாதெண்டு நம்பித்தான் என்னைக் கூப்பிடுறாங்க. அவ்வளவும் இதுக்குள்ளதான் கிடக்கு. கொஞ்சம் பாரமான வேலை குடுத்தா இது நிண்டு போகுது... ஞாயித்துக்கிழமை ரெண்டு வீட்டுக்குக் குடுக்கணும்.”

நிப்றாஸின் கோபம் போன இடம் தெரியவில்லை. கம்பியூட்டரின் பக்கக் கதவைத் திறந்தான். வீடியோக்கள் இருந்த ஹாட் டிஸ்க்கை முதலில் கழற்றி அவளிடம் நீட்டினான்.

“இது ஒங்கட கையிலயே இரிக்கட்டும். மத்ததை நான் பாக்கிறன்.”

அவள் அதைக் கைப்பைக்குள் வைத்து இழுத்துப் பூட்டினாள். நிமிர்ந்தபோது முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு... வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நிப்றாஸின் கையிலிருந்த திருப்புளி மட்டும் ஒருமுறை நழுவி விழுந்தது.

வாப்பா மின்விசிறிக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டையும் கேட்டது.

பின்பக்கத் தகட்டைக் கழற்றினான் நிப்றாஸ். உள்ளே கேபிள்கள் எல்லாம் எண்ணெய் தடவிப் பின்னிய சடை மாதிரி, ஒன்றோடொன்று சிக்காமல், சீராகக் கட்டப்பட்டிருந்தன. கல்முனையில் கேபிள் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சநஞ்சமல்ல!

அவள் எட்டிப் பார்த்தாள். “மூடி வெச்சா ஒருத்தருக்கும் தெரியாது. பின்ன என்னத்துக்கு இவ்வளவு மினக்கேடு?”

“ஆரும் பாக்காட்டியும் எனக்குத் தெரியுமே. கண்ணுக்குத் தெரியாத இடமும் சுத்தமா இரிக்கணும்.”

“அப்பிடியா...” என்று இழுத்தாள். “நல்ல கொள்கைதான்.”

நிப்றாஸ் வானத்தில் பறந்தான். பறந்தவன் விழுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றினான். அதன் அடியில், மெல்லிய கண்ணாடித் தாள் ஒன்று ஒட்டியபடியே இருந்தது. கீறல் விழாமல் இருக்கக் கம்பெனியில் ஒட்டி அனுப்பும் தாள் அது. பூட்டுவதற்கு முன் அதை உரிக்க வேண்டும்; உரிக்காவிட்டால் சூடு கூலருக்கு ஏறாமல் கம்பியூட்டர் நின்றுபோகும். தொழில் பழக வருபவனுக்கு முதல்நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம்! இதைப் பூட்டிய நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதென்று அவசர அவசரமாகப் பூட்டியது நிப்றாஸுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சட்டென்று தாளை உரித்துக் கசக்கிச் சட்டைப் பைக்குள் போட்டான்.

“என்ன பிழை?”

“உள்ளுக்குப் பூசின பேஸ்ட் காய்ஞ்சிட்டு. நீங்க காத்துப் படாத இடத்துல வெச்சிருப்பீங்க. அதான்...”

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். “மேசைக்கு மேலதான் வெச்சிரிக்கன். ஆனா... நீங்க சொன்னா சரியாத்தான் இரிக்கும்.”

புதுப் பேஸ்ட் பூசிக் கூலரைத் திரும்பப் பூட்டினான். கம்பியூட்டர் ஒரு மணி நேரம் ஓடியும் நிற்கவில்லை. வாப்பா விழித்துக் காசை நீட்டியபோது நிப்றாஸ் வாங்கவில்லை.

“வஞ்சகமில்லாத புள்ள நீ, மகன்,” என்று தோளில் தட்டினார் அவர். அந்தத் தட்டு அடியாகத்தான் விழுந்தது. வாசலில் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

ஐந்து நாள் கழித்து, பகல் சோற்றுக்கு வீட்டுக்கு வந்தவனிடம் உம்மா றாஹிலா முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

“சாய்ந்தமருதுல இருந்து மாப்பிள்ளை கேட்டு ஆள் வந்த, மகன். சீனிமுகம்மது போடியார்ட மகள் அம்ஹாவாம். கலியாண வீட்டுல வீடியோ எடுக்கிற புள்ளயாம். ஒன்ட குணம் அந்தப் போடியாருக்கு நல்லாப் புடிச்சிட்டாம்!”

அம்ஹா... பெயரே இப்போதுதான் தெரிகிறது. மாப்பிள்ளை கேட்டுப் பெண் வீட்டார் வருவது ஊர் வழக்கம்தான். ஆனால் இவளுடைய வீட்டிலிருந்தா! நெஞ்சு குளிர்ந்தது. குளிர்ந்த மறுகணமே சுட்டது. எந்தக் குணத்தைக் கண்டு கேட்டு வந்தார்களோ, அந்தக் குணம்தான் அன்று அவனிடம் இல்லை. சொன்னால் அவள் கிடைக்கமாட்டாள். சொல்லாவிட்டால் கிடைப்பாள்... ஆனால் வாழ்நாள் முழுக்க அவள் கண்ணை நேரே பார்க்க முடியாது.

அஸர் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளைச் சாய்ந்தமருதுக்கு விட்டான்.

மாவடிப்பள்ளியில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருக்கும் போடியார் சீனிமுகம்மது, அங்கிருந்து வந்து வாசல் குழாயடியில் காலில் சேறு கழுவிக்கொண்டிருந்தார். ஸலாம் சொன்ன கையோடு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான் நிப்றாஸ்.

“போடியார், பிழை விட்டது நான்தான். உரிக்க வேண்டிய தாளை உரிக்காமப் பூட்டிட்டன். என்ட பேர் கெட்டுப்போகுமெண்டு அதை மறைச்சு, மகள்ட மேல பழியைப் போட்டன். இது தெரியாம நீங்க எனக்குப் பொண் தரக் கூடா.”

அவர் மெதுவாக வீட்டுப் பக்கம் திரும்பினார். “மகள், கேட்டியா?”

கதவோரத்தில் அம்ஹா வந்து நின்றாள்.

“எனக்கு அண்டைக்கே தெரியும் வாப்பா. சேட்டுப் பைக்குள்ள போட்டதையும் நான் கண்ட.”

நிப்றாஸுக்கு உடம்பு கூசியது. “தெரிஞ்சுமா மாப்பிள்ளை கேட்டு விட்டீங்க?”

“விட்டது வாப்பா. நான் இன்னும் ஓம் சொல்லல்ல.” அவள் தலை குனிந்தாள். குரலும் தணிந்தது. “பிழை ஆருக்கும் வரும். நீங்களா வந்து சொல்லுவீங்களா எண்டு நான் பாத்துக்கிட்டிரிந்த... அஞ்சு நாளா றோட்டுல மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா ஜன்னலுக்கு ஓடுறன்.”

கழுவி முடித்த காலை மறுபடி கழுவப் போனார் வாப்பா. குழாயையும் பலமாகவே திறந்துவிட்டார்.

“அம்ஹா...” முதல்முறையாக அந்தப் பெயரைச் சொன்னான் நிப்றாஸ். “வரக்குள்ள நான் கடைப் பேரை நினைக்கல்ல. நீங்க வேணாமெண்டு சொல்லிருவீங்களே எண்டுதான் வழி முழுக்கப் பயந்தன். கண்ட நேரத்துல இருந்து எனக்கு ஒங்களப் புடிச்சிரிக்கி. இப்ப என்னை எப்பிடி நினைச்சாலும்... அது உண்மை.”

அவள் நிமிர்ந்தாள். அந்தக் கண்கள் ஈரமாக இருந்தன. இந்தமுறை மழை இல்லை.

“வாப்பா!” குழாய்ச் சத்தத்தையும் மீறிக் கூப்பிட்டாள். “அவங்கட உம்மாக்கு ஆள் அனுப்புங்க... நான் ஓம் சொல்லிட்டன் எண்டு!”