மிளகு உட்காரவில்லை

அவளுடைய மூக்கு நுனியில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. அதனால் வீட்டிலும் பள்ளியிலும் அவள் பெயர் மிளகு. பள்ளிப் பதிவேட்டில் நீளமான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

அப்பா அவளைக் கூப்பிடுவதற்கு வாயே திறக்க மாட்டார். இரண்டு விரலைச் சேர்த்துத் தன் மூக்கு நுனியை ஒருமுறை தொடுவார். "மிளகு, இங்கே வா" என்று அர்த்தம். இரண்டு முறை தொட்டால், "மிளகு, இங்கே வா, நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்று அர்த்தம்.

அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாயால் பேசவும் வராது. அதற்காக அவர் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. அவருடைய கை ஓயவே ஓயாது.

அவருக்கு லேத் பட்டறையில் வேலை. இரும்பைச் சுழலவிட்டுக் கடைந்து, இயந்திரங்களுக்கு வேண்டிய பாகங்களைச் செய்யும் இடம் அது. அங்கே இயந்திரங்கள் போடும் இரைச்சலில் மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் பட்டறையில் எல்லோருமே அப்பாவிடம் கைமொழி கற்றுக்கொண்டுவிட்டார்கள். அங்கே அப்பாதான் பெரிய பேச்சாளர்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில், பிள்ளைகளின் குடும்பங்களை வரவேற்க ஒரு கூட்டம் நடக்கும். எப்போதும் அம்மாதான் போவாள். இந்த வருடம் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் புது வேலை. காலை ஷிப்ட்.

"சேர்ந்த முதல் வாரமே லீவு கேட்டா, 'மொத்தமா லீவு எடுத்துக்கோ'ன்னு அனுப்பிடுவாங்க. இந்தத் தடவை அப்பா போகட்டும்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டார். நகக்கண்ணில் ஒட்டிய கிரீஸைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய் தேய் என்று தேய்த்தார்.

"அங்க யார் என்ன சொன்னாலும் நீ எனக்குச் சொல்லணும்" என்றார் கையால்.

"ஒண்ணு விடாம சொல்றேன்பா" என்றாள் மிளகு, அவளும் கையால்.

பள்ளி மண்டபத்தின் வாசலில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்பு வரவேற்புப் பாட்டுப் பாட வேண்டும். பிறகு இடது பக்கம் தரையில் உட்கார வேண்டும். கூட்டம் முடியும் வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

மிளகு டீச்சரிடம் போனாள்.

"டீச்சர், பாட்டு முடிஞ்சதும் நான் முன்னாடி நின்னுக்கட்டுமா? எங்க அப்பாவுக்குக் காது கேக்காது. மேடம் பேசறதை நான் கையால சொல்லணும்."

டீச்சர் கெட்டவர் இல்லை. ஆனால் அன்று காலையிலிருந்து நாற்பது பேர் அவரிடம் நாற்பது விஷயம் கேட்டிருந்தார்கள்.

"நீ முன்னாடி நின்னு கையை ஆட்டினா எல்லாரும் உன்னைத்தான் பார்ப்பாங்க. அப்புறம் மேடம் பேசறதை யார் கேப்பாங்க?"

"எங்க அப்பா கேப்பார், டீச்சர்."

"எல்லாத்தையும் ஒரு தாள்ல டைப் பண்ணி வெச்சிருக்கேன்மா. கடைசியில அப்பா கையில குடுத்துடறேன். வீட்டுல பொறுமையா படிச்சுக்கட்டும்."

"தாள்கிட்ட சந்தேகம் கேக்க முடியாதே, டீச்சர்!"

"போய் வரிசையில நில்லு."

மிளகு போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட வேண்டும் என்பது உத்தரவு. மற்றவர்களுக்கு அது கையைக் கட்டியதுதான். மிளகுக்கு வாயைக் கட்டிய மாதிரி இருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. அம்மாக்கள், அப்பாக்கள், சித்திகள், மாமாக்கள், மடியில் சிணுங்கும் தம்பிப் பாப்பாக்கள். அப்பா மூன்றாவது வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு அப்பாவும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் மட்டும் இரண்டு தட்டுத் தட்டினார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

தலைமை ஆசிரியை மேடை ஏறினார். மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"விடுமுறை முடிஞ்சு வந்திருக்கிற உங்க எல்லாரையும் மனமார வரவேற்கிறேன். இந்தப் பள்ளியை உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். உதடு அசைவதைப் பார்த்துக் கொஞ்சம் புரிந்துகொள்வார் அவர். ஆனால் உதடு இருக்க வேண்டிய இடத்தில் மைக் இருந்தது.

அப்போது அப்பாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர், "சார், கொஞ்சம் தலையைச் சாய்ங்க, மறைக்குது" என்றார். அப்பா அசையவில்லை.

"சார், உங்களைத்தான்!"

அப்பா அசையவில்லை.

"என்ன திமிரு பாரு" என்று அந்த ஆள் தன் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது மிளகு உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டது.

மிளகுக்குக் காது சுட்டது. அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரோ சிரித்ததைப் பார்த்து, ஏன் என்று தெரியாமலேயே தானும் சிரித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் பத்துப் பேரை நிற்க வைத்துக் கதை சொல்லும் அப்பா, இங்கே மற்றவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மிளகு எழுந்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மேல் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே வைத்தாள். ஸ்டூல் மேல் ஏறி நின்றாள். இரண்டு விரலைச் சேர்த்து மூக்கு நுனியைத் தொட்டாள்.

அப்பாவின் முகம் சட்டென்று அவள் பக்கம் திரும்பியது.

"எல்லாரையும் வரவேற்கிறாங்க" என்றாள் கையால். "இது உங்க வீடு மாதிரியாம்."

அந்தப் பக்கம் டீச்சர் கையை ஆட்டினார். ஆள்காட்டி விரலைக் கீழே நீட்டினார். அப்படியென்றால், "இறங்கு." உள்ளங்கையைத் தரையைப் பார்த்து அழுத்தினார். "உட்கார்." பிறகு விரலை மேலும் கீழும் ஆட்டினார். "இரு, அப்புறம் உனக்கு இருக்கு."

டீச்சருக்குக் கைமொழி இவ்வளவு நன்றாக வரும் என்று மிளகுக்கு அதுவரை தெரியாது.

தலைமை ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டார். மண்டபமே ஸ்டூலைப் பார்த்தது.

"யாரும்மா அது? அங்க என்ன பண்றே?"

"எங்க அப்பாவுக்குக் காது கேக்காது, மேடம். நீங்க பேசறதை அவருக்குச் சொல்றேன்."

"நல்லது. ஆனா இப்ப இல்லை. கூட்டம் முடியட்டும், அப்புறம் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லலாம். இறங்கு."

மிளகு காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வைத்தாள். ஸ்டூல் ஒரு பக்கம் ஆடியது. ஆனால் அவள் இறங்கவில்லை.

"இல்ல, மேடம்."

"என்ன?"

"எல்லாரையும் வரவேற்கிறேன்னு சொன்னீங்க. எங்க அப்பாவும் அதுல ஒருத்தர்தானே? மத்தவங்களுக்கெல்லாம் இப்ப, எங்க அப்பாவுக்கு மட்டும் அப்புறமா? நான் இறங்க மாட்டேன், மேடம்."

அப்பாவுக்குப் பின்னால் இருந்தவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை ஆசிரியை ஸ்டூலைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"விழுந்து வைக்காதே" என்றார். "கொஞ்சம் சுவர் ஓரமா நில்லு."

பேச்சு தொடர்ந்தது. தண்ணீர்க் குழாயைப் பற்றி ஆரம்பித்தார் தலைமை ஆசிரியை. குழாயைத் திறந்தால் மூட வேண்டும் என்றார். மூடாவிட்டால் தண்ணீர் வீணாகும் என்றார். வீணாகும் தண்ணீர் எங்கே போகிறது என்றார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் சொன்னார். சொட்டுச் சொட்டாகக் கணக்குப் போட்டால் ஒரு வருடத்துக்கு எத்தனை குடம் என்றும் சொன்னார்.

மிளகு கையால் சொன்னாள்: "குழாயை மூடணும்."

அப்பா காத்திருந்தார். பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. மிளகின் கை சும்மா இருந்தது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அப்பா.

"அவ்வளவுதான். அதையே திருப்பிப் போட்டும் புரட்டிப் போட்டும் சொல்றாங்க."

அப்பா சிரித்துவிட்டார். தன் சிரிப்புச் சத்தம் அவருக்குக் கேட்டதே இல்லை. அதனால் அதைக் குறைத்துக்கொள்ளவும் தெரியாது. மண்டபமே அதிர்ந்தது. ஒரு தம்பிப் பாப்பா தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டது.

"நீ இப்ப என்ன சொன்னே?" என்றார் தலைமை ஆசிரியை.

"நீங்க சொன்னதைத்தான், மேடம். கொஞ்சம் சுருக்கினேன்."

"எவ்வளவு சுருக்கினே?"

"ரெண்டு வார்த்தைக்கு, மேடம்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். தலைமை ஆசிரியை முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டார். இப்போது அவருடைய உதடும் தெரிந்தது.

"சரி, கடைசியா ஒரு முக்கியமான விஷயம். இதைச் சுருக்க வேண்டாம். போன வருஷம் நிறையப் பிள்ளைங்க தாமதமா வந்தாங்க. அதனால நாளையிலிருந்து சரியா எட்டரைக்குக் கேட்டைப் பூட்டிடுவோம். பிந்தி வர்ற பிள்ளைங்க அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போயிட வேண்டியதுதான்."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஒரு அம்மா பக்கத்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். ஒரு மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். மிளகு ஒரு சொல் விடாமல் அப்பாவுக்குச் சொன்னாள்.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் தலைமை ஆசிரியை.

முணுமுணுப்பு அப்படியே அடங்கிவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அப்பா எழுந்து நின்றார். அவர் கைகள் வேகமாக, சுருக்கமாக அசைந்தன.

மிளகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க அப்பா கேக்கிறார்: கேட்டைப் பூட்டினதுக்கு அப்புறம், வெளியில நிக்கிற பிள்ளையை யார் பார்த்துக்குவாங்க?"

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"எட்டரைக்குப் பூட்டறீங்க, மேடம். எட்டு முப்பத்தொண்ணுக்கு ஒரு பிள்ளை வருது. அம்மா விடியறதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயாச்சு. அப்பா பட்டறையில இருப்பார். வீடு பூட்டிக் கிடக்கும். 'வீட்டுக்குப் போ'ன்னா அது எந்த வீட்டுக்குப் போகும்? ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாது. அது தனியா ரோடு தாண்டுமா? பஸ் லேட்டா வந்தா அதுக்குப் பிள்ளை என்ன பண்ணும்? பஸ்ஸை ஓட்டறது பிள்ளை இல்லையே, மேடம்!"

சொல்லி முடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு அம்மா எழுந்தார். "எனக்கும் அதே பயம்தாங்க, மேடம். நான் எட்டு மணிக்கே கடை திறக்கணும்."

"எங்க பக்கம் பஸ் எப்பவும் லேட்டுங்க" என்றார் இன்னொருவர்.

அப்பாவுக்குப் பின்னால் இருந்தவரும் எழுந்தார். "அவர் கேட்டது சரிதாங்க. நானும் அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்றார். பிறகு அப்பாவின் தோளைத் தொட்டு, நெஞ்சில் கை வைத்துக் காட்டினார். அப்பா பரவாயில்லை என்று தலையசைத்தார்.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பிந்தி வர்றதை நிறுத்தணும்னு நினைச்சேன். பிந்தி வந்த பிள்ளை எங்க போகும்னு நினைக்கலை" என்றார் மெதுவாக. "சரி. பெரிய கேட்டைப் பூட்டுவோம். பக்கத்துச் சின்னக் கதவு திறந்திருக்கும். பிந்தி வர்ற பிள்ளை பேரை எழுதிட்டு, அடுத்த மணி அடிக்கற வரைக்கும் நூலகத்துல உட்காரட்டும். யாரும் ரோட்டுல நிக்க மாட்டாங்க. இன்னிக்கே எழுதிக் கேட்டுல ஒட்டச் சொல்றேன்."

மிளகு அதை அப்பாவுக்குச் சொன்னாள். அப்பாதான் முதலில் கை தட்டினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துத் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது, டீச்சர் அந்த டைப் செய்த தாளோடு வந்தார். அப்பா நின்ற இடத்திலேயே படித்தார். அதில் குழாயைப் பற்றி ஏழு வரி இருந்தது. கேட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

டீச்சர் தாளைத் திரும்ப வாங்கி, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"மிளகு, எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடேன். 'உட்கார்'னு கையால எப்படிச் சொல்றது?"

"நீங்க சொன்னதே சரிதான், டீச்சர். நல்லாவே புரிஞ்சுது. நான்தான் உட்காரலை."

தெருவுக்கு வந்ததும் அப்பா சைக்கிளைத் தள்ளுவதை நிறுத்தி, ஸ்டாண்டு போட்டார். முக்கியமான விஷயம் பேச அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

"ஒரு சந்தேகம்" என்றார். "நான் கேட்டது ஒரே ஒரு வரி. நீ ஏன் அவ்வளவு நேரம் பேசினே?"

"உங்க கேள்வியை ஒரே வரியில கேட்டு முடிச்சுட்டேன்பா" என்றாள் மிளகு. "மிச்சமெல்லாம் என்னோடது!"

அப்பா சிரித்தார். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார், மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று மிளகும் அவரோடு சேர்ந்து, அவருக்குச் சமமாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.