எதற்கும் ஈயோ சொன்னவன்

தலைநகர் சுவாவிலிருந்து வந்த படகு இன்ஸ்பெக்டர் அலுமிதாவைத் தீவில் இறக்கிவிட்டபோது மணி இரண்டு. சுட்டெரிக்கும் வெயில். ஆனாலும் பழைய போலீஸ் நிலையத்தின் லாக்கப் பக்கம் வெளிச்சமே எட்டவில்லை. எங்கும் கெட்டுப்போன கொப்பரை வாடை.

நடுக்கடலில் ஒரு கப்பல் நூற்றறுபது பேரோடு போய்க்கொண்டிருந்தது. அதில் குண்டு இருப்பதாக யாரோ ஒருவன் போனில் மிரட்டியிருந்தான். அலுமிதாவின் தங்கையும் அந்தக் கப்பலில்தான் இருந்தாள். சந்தேகத்தில் பிடித்த பேனி என்பவன் காலையிலிருந்து வாயே திறக்கவில்லையாம்.

“நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க மேடம். பத்தே நிமிஷம்,” என்றார் சார்ஜன்ட் இசிகேலி, சட்டைக் கையை மடித்தபடி.

“எதுக்கு?”

“அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். தங்கச்சிய நினைச்சுக்கோங்க.”

சட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இருந்தும் கோப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

சுவருக்கு அப்பால் தொம் தொம் என்று சத்தம். இடையிடையே ஒரு மெலிந்த குரல்.

“ஈயோ... ஈயோ...”

தீவு மொழியில் ஆமாம், ஆமாம் என்கிறான்.

இசிகேலி வியர்த்து வழிய வந்தார். “ஒத்துக்கிட்டான். நீதான் வெச்சியான்னேன், ஈயோ. இன்ஜின் ரூம்லயான்னேன், அதுக்கும் ஈயோ.”

வயர்லெஸ்ஸில் கப்பலுக்குச் சொன்னார்கள். ஆனால் அலுமிதாவுக்கு உறுத்தியது. கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்டிருக்கிறாரே இந்த மனிதர்! டார்ச்சோடு லாக்கப்புக்குப் போனாள்.

பேனி சுருண்டு கிடந்தான். தாடையை இறுக்கி, வாயை மூடி, தலையைச் சுற்றிக் கட்டு.

“இது எப்போ?”

“பிடிக்கறப்போ தாடை உடைஞ்சிருச்சு. காலையிலயே நர்ஸ் கட்டிட்டாங்க.”

“அப்போ ஈயோன்னு சொன்னது யாரு?”

இசிகேலிக்கு முகம் வெளிறியது. “இருட்டுல... காதுல கேட்டுச்சு மேடம். சத்தியமா.”

பொய் சொல்கிறாரோ? ஆனால் அவளும் கேட்டாளே.

பக்கத்து அறையின் பூட்டு துருவேறிக் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன் அபெனிசா என்ற மீனவன் செத்தது அங்கேதான். படகுத் திருட்டு வழக்கு. கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்னான். உண்மையான திருடன் பிடிபட்டது அவனைப் புதைத்த பிறகு. அலுமிதா படித்திருந்த வழக்குக் காகிதத்தில் மாரடைப்பு என்று இருந்தது.

“அபெனிசாவ நீங்கதான் அடிச்சே கொன்னீங்களா?” என்று மெல்லக் கேட்டாள்.

இசிகேலியின் உதடு அசையவில்லை.

“ஈயோ,” என்றது பூட்டிய அறை.

அந்நேரம் வயர்லெஸ் கரகரத்தது. கப்பலில் குண்டே இல்லை. போன் செய்தவன் சுவாவில் ஒரு குடிகாரன், பிடித்துவிட்டார்கள். தங்கை பிழைத்தாள் என்று அலுமிதாவுக்கு அழுகை வந்தது. பேனியின் கட்டைப் பார்த்ததும் கூசிப்போனாள்.

பேனியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் படகிலேயே அறிக்கை எழுதினாள். இசிகேலி செய்ததை ஒன்று விடாமல் எழுதினாள். தான் டீ குடிக்கப் போனதை மட்டும் எழுதவில்லை.

பேனி மயங்கிக் கிடந்தான். சுற்றிலும் கடல்.

அவள் காதோரம் ஒரு மூச்சு. கொப்பரை வாடை.

“கூடவே வந்துட்டியா?” என்று கிசுகிசுத்தாள்.

“ஈயோ.”

“நான் டீ குடிக்கத்தானே போனேன்... என் மேல தப்பில்லதானே?”

மூச்சு அங்கேயே இருந்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றே சொல்லிச் செத்தவன், இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.