பியானோவுக்கு உதடு கிடையாது

எழுந்ததும் பல் தேய்ப்பேன். காபி போடுவேன், ஒரு கோப்பை மட்டும். பிறகு முன்னறைக்குப் போய்ப் பியானோவின் தூசியைத் துடைப்பேன். குளிப்பேன். அலுவலகம் போவேன்.

பியானோவை என் மனைவியும் அவளுடைய அண்ணனும் சேர்ந்து செய்தார்கள். மரவேலை அண்ணன். தந்தியும் சுருதியும் அவள். அத்தனை தந்திகளின் இழுப்பையும் தாங்க உள்ளே ஓர் இரும்புச் சட்டம். அதற்கு அடியில் மெல்லிய பலகை. சத்தம் பெரிதாவது அதில்தான். தந்திகள் மேல் கம்பளி ஒட்டிய கட்டைகள் உட்கார்ந்து அவற்றை ஊமையாக வைத்திருக்கும். கட்டையைத் தூக்கினால் தந்தி விழித்துக்கொள்ளும்.

புதுக் கம்பளி ஒட்டுவதற்காக அவள் எல்லாக் கட்டைகளையும் தூக்கி ஓர் ஆப்பு செருகியிருந்தாள். மறுநாள் எடுப்பதாக இருந்தாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். திரும்பி வரவில்லை.

ஆப்பை நான் எடுக்கவில்லை.

அதனால் பியானோ எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. கரண்டி விழுந்தால் முனகும். இருமினால் இருமலின் மிச்சம் வரும். "ஆ" என்றால் "ஆ" வரும். "மா" என்றாலும் "ஆ"தான். "அதுக்கு ஏது உதடு, உன்ன மாதிரி வாயாட?" என்று ஆப்பு செருகிய அன்றே அவள் சிரித்திருந்தாள்.

ஒரு நாள் துடைக்கும்போது தும்மினேன். தந்திகள் முனகின. ஈரக் கம்பளி வாசனை எழுந்தது. முனகல் அடங்கவில்லை.

"வா," என்றது.

"ஆ" இல்லை. "வா."

அவள் குரல். கீழுதடு பல்லில் உரசியது தெளிவாகக் கேட்டது.

வாசல்மணி அடித்தது. மச்சான்.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? மொதல்ல சவரம் பண்ணு. கரடி பாத்தா சொந்தக்காரன்னு கூட்டிட்டுப் போயிடும்."

"மெதுவாப் பேசுங்க."

"ஏன்? யாரு தூங்குறா?"

"அண்ணா," என்றது பியானோ. "உள்ள வா."

மச்சானின் முகம் வெளிறியது. பிறகு மலர்ந்தது.

மலர்ந்ததுதான் எனக்குப் பயம்.

"பாப்பா," என்றார். "பாப்பா கூப்பிடுறா."

குனிந்து தலையைப் பியானோவுக்குள் நீட்டினார். கழுத்துக்கு நேர் மேலே, துடைப்பதற்காக நான் தூக்கி நிறுத்தியிருந்த பெரிய மூடி. அதைத் தாங்கும் கோல் நகர்ந்தது.

யாரும் தொடவில்லை.

சட்டையைப் பிடித்து இழுத்தேன். மூடி விழுந்தது. வீடே அதிர்ந்தது.

"விடு மாப்ள! அவ கூப்பிடுறா!"

"அது அவ இல்ல மச்சான்."

"என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?"

"குரல் அவளோடதுதான்."

மூடியைத் தூக்கிக் கோலை மறுபடி நிறுத்தினேன். உள்ளே கையை விட்டு ஆப்பைப் பிடுங்கினேன். கட்டைகள் ஒரே அடியாக விழுந்தன.

அமைதி.

ஆனால் வலது கோடியில் இருக்கும் குட்டித் தந்திகளுக்குக் கட்டையே கிடையாது. அவற்றின் சத்தம் தானாகச் செத்துவிடும் என்று யாரும் வைப்பதில்லை.

அங்கிருந்து ஊசிபோல் வந்தது. "கடைசியா நான் என்ன சொன்னேன்? கூடவே வான்னுதானே சொன்னேன்?"

மச்சான் சுவரோரம் பின்வாங்கினார். "கொளுத்திடலாம் மாப்ள. இப்பவே."

"அவ கையால செஞ்சது. நடுவுல வந்து இதுக்குள்ள உக்காந்தது வேற ஏதோ. போறதுன்னா அது போகட்டும்."

"போகலன்னா?"

"இருக்கட்டும். நானும் இருக்கேன்."

அது போகவில்லை. ஒவ்வொரு காலையும் மூடியைத் திறந்துதான் துடைக்கிறேன். அதே கேள்வியைக் கேட்கிறது. சில நாள் கெஞ்சுகிறது. சில நாள் அவளைப் போலவே அழுகிறது. நான் துணியைக் கீழே வைப்பதில்லை. அன்று ஆபரேஷன் அறை வாசலில், தள்ளுகட்டிலில் படுத்தபடி, பிடித்திருந்த என் விரலை விட்டுவிட்டு அவள் உண்மையில் சொன்னதை அதன் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்:

"நீ உள்ள வரக்கூடாதாம். போய் ஏதாவது சாப்பிடு, போ."