ஃபெபாவுக்குப் போட்ட பாதி வட்டம்

கிட்டே வாங்க கண்ணுங்களா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. இந்த மழைச் சத்தத்தில் என் குரல் உங்களுக்கு எட்டாமல் போய்விடக் கூடாது. இன்றைக்கு ஒரு காதல் கதை. சிரிக்கவும் இருக்கிறது, மனசைப் பிசையவும் இருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போகும் கம்பெனி பஸ்... காலை ஷிப்ட். ஜன்னலோரம் ஆனந்தராஜ். கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவு. கல்லூரி நாளிலிருந்தே டிரம்ஸ் பைத்தியம். காதில் ராக் பாட்டு ஓட, அவன் விரல்கள் முன் சீட்டுக் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தன.

குருபரப்பள்ளியில் ஏறி அந்த முன் சீட்டில் உட்கார்ந்த பெண், சட்டென்று திரும்பினாள். நெற்றியில் மழைத்துளி. தூக்கம் கலையாத முகத்தில் நன்றாக விழித்துக்கொண்ட இரண்டு கண்கள்...

"சார், முந்துறீங்க."

அவன் காதிலிருந்ததைக் கழற்றினான். "என்னங்க?"

"என்ன பாட்டுன்னு தெரியல. ஆனா நாலாவது அடி ஒவ்வொரு தடவையும் முந்துது. முதுகுல விழுதே, எனக்குத் தெரியாதா?"

பக்கத்து சீட்டில் யாரோ சிரித்தார்கள். ஆனந்தராஜுக்குக் காது சூடானது. யார் இவள்? பார்த்தால், அவன் லைனிலேயே இரண்டு மாதமாகக் கான்ட்ராக்டில் வேலை செய்கிற ஃபெபா.

சண்டையாக ஆரம்பித்தது, மறுநாளிலிருந்து வழக்கமாகிவிட்டது. எந்த டிரம்மரை உலகம் அளவுக்கு மீறித் தூக்கி வைத்திருக்கிறது, யாரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்பதுதான் வழக்கு. அவனுக்கு நீல் பியர்ட் தெய்வம். அவரைச் சுற்றி ஒரு வீடு நிறைய டிரம் நிற்குமே என்பான். அத்தனையையும் யார் துடைப்பது என்று கேட்பாள் அவள். அவளுக்கு ரிங்கோ ஸ்டார்தான். அவருக்கு டிரம்மில் குச்சியை ஒரு உருட்டு உருட்டக்கூடத் தெரியாது என்று அவன் சீண்டினால் மட்டும் அவள் சிரிப்பு நின்றுவிடும்.

"அவர் அடிக்கிறதே தெரியாது சார். நிறுத்திப் பாருங்க, பாட்டு கீழ விழுந்துரும். தெரியாம தாங்குறவங்களுக்கு யார் மார்க் போடுறாங்க?"

அவர்கள் லைனில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். பழகுகிறவருக்குக் கால்வாசி கறுப்பு, துணையோடு செய்கிறவருக்குப் பாதி, தனியாகச் செய்கிறவருக்கு முக்கால், அடுத்தவருக்குக் கற்றுத் தரக்கூடியவருக்கு முழு வட்டம். அதை நிரப்புவது ஆனந்தராஜின் வேலை. அதே வட்டங்களைப் பனி படர்ந்த பஸ் கண்ணாடியில் போட்டு, உலகத்து டிரம்மர்களுக்கெல்லாம் இரண்டு பேரும் மார்க் போட்டார்கள். அவள் விரல் எழுதிய இடத்தில் அவன் பார்வை நின்றுவிடும்... பிறகு அவசரமாக வெளியே பார்ப்பான்.

ஒருநாள் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். தானும் வாசிப்பாளாம். அவர்கள் சர்ச் சபையில் பெண் பிள்ளைகளை டிரம்ஸ் முன்னால் உட்கார விடுவதில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, கூட்டிப் பெருக்குகிற சாக்கில் அங்கேயே தங்கிப் பழகியது. அப்பா பிரகாசம், மாம்பழக்கூழ் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அவள் கம்பெனியின் குடும்ப தினத்தில் அவளை மேடையில் வாசிக்க விட்டால், சபையிலும் வாசிக்க விடச் சொல்லிப் பெரியவர்களிடம் அவரே பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆனந்தராஜ் அந்தச் சபைக்கே போய் அவள் வாசிப்பைக் கேட்டான். காலி நாற்காலிகளுக்கு நடுவே ஃபெபா வாசித்தாள். ஐந்து நிமிஷம் இருக்கும். அவனுக்கு மூச்சே விட மறந்துவிட்டது. ஐயோ, இந்தப் பெண் என்னைவிட... அந்த நினைப்பை அவனால் முடிக்க முடியவில்லை. நல்லா இருக்குங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை, குடும்ப தின ஏற்பாடுகளைக் கவனிக்கும் சென்னப்பன் அவனைக் கூப்பிட்டார். நாலு வருஷமாக அந்த மேடையில் டிரம்ஸ் என்றால் ஆனந்தராஜ்தான். இருப்பது ஒரே ஒரு இருக்கை.

"ஃபெபான்னு ஒரு பொண்ணு பேர் குடுத்திருக்குதுப்பா. மேடைக்குத் தாங்குமா?"

"பாதி வட்டம் சார்," என்றான் ஆனந்தராஜ். "இன்னும் ஒரு வருஷம் போகட்டும்."

அவ்வளவுதான் கண்ணுங்களா. ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற பேச்சு.

குடும்ப தினத்தன்று அவன் வாசித்தான். கைதட்டல் கூரையைத் தொட்டது. மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட அப்பாவோடு ஃபெபா உட்கார்ந்திருந்தாள். கண்ணில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அன்றே பிழைத்திருப்பான்.

அதன் பிறகும் அதே பஸ், அதே சீட். அவள் திரும்புவதில்லை. டிரம்ஸ் பேச்செடுத்தால், இப்பல்லாம் வாசிக்கிறதில்லீங்க சார் என்று மெல்லச் சொல்லி முடித்துவிடுவாள். மன்னிப்புக் கேட்கலாம்... நாளைக்குச் சொல்லலாம்... என்று ஏழு மாதம் ஓடிவிட்டது. அவள் கான்ட்ராக்ட் முடியும் நாளும் வந்தது.

அன்று சாயங்காலம் குருபரப்பள்ளியில் அவள் இறங்க, தன் ஊர் இல்லையென்றாலும் அவனும் இறங்கினான். தூறல். எதிர்ப்பக்கம் பிரகாசம் வண்டியோடு காத்திருந்தார்.

"ஃபெபா... நான் பொய் சொன்னேங்க. என்னைவிட நீங்க நல்லா வாசிக்கிறீங்க. அந்த இடம் போயிரும்னு பயந்து சென்னப்பன் சார்கிட்ட குறைச்சுச் சொல்லிட்டேன். அப்பவே உங்கள எனக்குப் பிடிக்கும். பிடிச்சும் அப்படிச் சொன்னேன்."

அவள் நனைந்த சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"பிடிக்கும்ங்கிறது தெரியும் சார். பொய்யின்னுதான் தெரியாது. பாதி வட்டம்னு சென்னப்பன் சார் சொன்னப்போ, நீங்க போட்ட மார்க்காச்சே, சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அதான் வாசிக்கிறதையே விட்டுட்டேன்."

எதிர்ப்பக்கம் வண்டியோடு நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"என்கிட்ட சொன்னத அப்பாகிட்டயும் சொல்லுங்க," என்றாள். "மத்ததெல்லாம் இப்ப கேக்காதீங்க. எனக்குத் தெரியல."

லாரிகள் விட்ட இடைவெளியில் அவளோடு அவன் சாலையைக் கடந்தான். ஒரு சொல் விடாமல் சொன்னான். பிரகாசம் குறுக்கே பேசாமல் கேட்டார். மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆனந்தராஜ் பக்கம் திரும்பி, யாரையோ தேற்றுகிற குரலில் சொன்னார்:

"அன்னிக்கு மேடையில நீ வாசிச்சப்போ, நான் எழுந்து நின்னு கை தட்டினேன்பா."

மகளை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிப் போனது. ஆனந்தராஜ் அங்கேயே நின்றான்.

உங்க வீட்டுப் பிள்ளைகள் நன்றாகச் செய்ததை, அன்றைக்கே நன்றாகச் செய்தாய் என்று சொல்கிற வாய் உங்க வீட்டிலேயே இருக்கட்டும். உங்க அடுப்பு எரியட்டும், கதவு திறந்திருக்கட்டும், எந்த மன்னிப்பும் உங்க வாசலுக்குத் தாமதமாக வராதிருக்கட்டும். நல்லா இருங்க கண்ணுங்களா.