எருமப்பட்டியில் ஒரு இஞ்சின் கொலை

செல்போன் அலறியது.

தீனதயாளன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரை. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் முப்பதாயிரம் முட்டைக்கோழிகளுக்குச் சொந்தக்காரர். விடியற்காலையில் பண்ணையிலிருந்து போன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"ஹலோ..."

"மொதலாளி... போயிருச்சுங்க!"

மறுமுனையில் டிரைவர் ஆண்டி. 

"ஆருடா போனது?"

"ஷெட்டுக்குள்ளதாங்க இருந்தேன்... திடீர்னு விக்குச்சு... ரெண்டு தடவ இருமுச்சு... அப்புறம் மூச்சே இல்லீங்க!"

"டேய்! ஆருன்னு சொல்லித் தொலைடா!"

"பாப்கேட்டுங்க!"

பயந்துவிட்டீர்களா? பயப்பட வேண்டியவன் ஆண்டிதான்.

பாப்கேட் என்று ஊரே கூப்பிடும் அந்தக் குட்டி லோடர்தான் கூண்டுகளுக்கு அடியில் குவியும் கோழி எருவை அள்ளும். நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். ஆறு வருடமாக அதை ஓட்டுபவன் ஆண்டி. ஆத்தூர்க்காரன். மனைவி அங்காளம்மாளும் மூன்று வயது மகள் சௌமியாவும் ஆத்தூரில். இவன் பண்ணை ரூமில்.

போன வாரம்தான் அவனுக்கு ஆத்தூரிலேயே ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஃபேக்டரியில் வேலை கிடைத்திருந்தது. மரவள்ளிக்கிழங்கு அள்ளும் லோடர். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும்.

அந்த நேரம் பார்த்து இஞ்சின் மண்டையைப் போட்டுவிட்டது!

மெக்கானிக் குமரகுரு வந்தான். பின்பக்கக் கதவைத் திறந்தான். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டரைப் போல உதட்டைப் பிதுக்கினான்.

"இஞ்சின் ஜாம் ஆயிருச்சுங்க மொதலாளி. கிராங்க்கே போயிருச்சு. ஆயில் இல்லாம ஓட்டியிருக்கான்."

"தெனமும் பாத்துட்டுதாங்க எடுக்கறேன்!" ஆண்டி பதறினான்.

"பாத்தா அது ஏண்டா சாவுது?" தீனதயாளன் உறுமினார். "குமரகுரு... புது இஞ்சின் வாங்கலாமா?"

"கட்டுப்படி ஆவாதுங்க. மேட்டூர்ல ஒரு ஐஸ் ஃபேக்டரில பழைய டீசல் இஞ்சின் ஒண்ணு நிக்குது. ஜெனரேட்டர்ல ஓடுனது. அதைத் தூக்கியாந்து இதுல மாத்திருவோம்."

"செலவு?"

குமரகுரு ஆண்டியைப் பார்த்தான்.

தீனதயாளனும் ஆண்டியைப் பார்த்தார்.

ஆண்டி தரையைப் பார்த்தான். செலவு அவன் தலையில்தான். இந்தக் கடன் தீர்ந்து ஆத்தூர் பஸ் ஏற எத்தனை வருடம் ஆகும்?

* * *

"என்ற இஞ்சினை என்ற டிரைவரே கொன்னு போட்டானுங்க மேடம்!"

இரண்டு நாள் கழித்து, தீனதயாளன் போலீஸ் ஸ்டேஷனில் நின்று புலம்பினார். சப்-இன்ஸ்பெக்டர் பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள். மேட்டூர்க்காரி. மாற்றலாகி வந்து இன்னும் சூட்கேஸைக்கூடப் பிரித்து அடுக்கவில்லை.

"கொலையா? பிரேதம் எங்க?" என்றார் பக்கத்தில் நின்ற ஏட்டு அப்புசாமி.

பிரவீனா முறைத்தாள். அப்புசாமி வாயை மூடிக்கொண்டார். அது அதிக நேரம் மூடியிருக்கும் வாய் அல்ல.

"சொல்லுங்க தயாளன். டிரைவரை அரெஸ்ட் பண்ணணுமா?"

"ஐயய்யோ! அதெல்லாம் வேண்டாங்க!"

"பின்ன?"

"கூப்புட்டு ஒரு மெரட்டு மெரட்டுங்க. எங்கியும் போவாம என்ற பண்ணைலயே மூணு வருசம் வேலை செஞ்சு இஞ்சின் செலவைக் கழிச்சர்றேன்னு எழுதி வாங்கிக் குடுங்க. அது போதுமுங்க."

எழுதிக்கொண்டிருந்த பிரவீனாவின் பேனா நின்றது.

"மொதல்ல பண்ணையைப் பாக்கலாம். வண்டியை எடுங்க ஏட்டய்யா."

* * *

ஜீப்பை விட்டு இறங்கியதும் பிரவீனா கர்சீப்பை மூக்கில் அழுத்திக்கொண்டாள்.

"யப்பா... என்ன நாத்தம் இது!"

"நாத்தமுங்களா?" தீனதயாளன் நாலா பக்கமும் மோந்து பார்த்தார். "எங்கீங்க மேடம்? ஒண்ணும் அடிக்கலீங்களே!"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு அடிக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரரின் மூக்கு முதல் மாதமே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிடும். மல்லிகைப்பூவை வைத்து நீட்டினாலும் அவருக்கு வித்தியாசம் தெரிவது சந்தேகம்.

ஆண்டி கைகட்டி நின்றான்.

"ஆயில் பாத்தியா இல்லையா?"

"என் பொண்ணு மேல சத்தியமா பாத்தேன் மேடம். திங்கக்கிழமை ஊர்ல வேலைக்குச் சேரணுங்க. மாசத்துக்கு ஒருக்கா போறதால, எம்பொண்ணு என்னைய 'மாமா'ன்னு கூப்புடுது மேடம்... அப்பான்னு சொல்லக் கத்துக் குடுத்தா, கதவுக்குப் பின்னால போய் ஒளிஞ்சிக்குது."

பிரவீனாவின் கர்சீப் மூக்கிலிருந்து கண்ணுக்குப் போனது. இந்த முறை கோழி எரு காரணமல்ல.

"ஆள் எப்படி? நல்லா ஓட்டுவானா?" தீனதயாளன் பக்கம் திரும்பினாள்.

"இவனை மாதிரி ஓட்ட ஜில்லாவுலயே ஆள் இல்லீங்க! போன வருசம் இவனுக்குக் காச்சல்னு வேற டிரைவரப் போட்டேன். கோழியெல்லாம் மெரண்டு ஒரே கூப்பாடு! பத்து நாளைக்கு முட்டையே சரியா போடல. இவன் ஓட்டுனா ஒரு கோழி தலையத் தூக்காதுங்க!"

"அவ்ளோ பொறுப்பான ஆளு ஆயில் பாக்க மறந்துட்டானா?"

தீனதயாளன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அது... மனுசன்தானுங்களே மேடம்..."

"சரி. ரெண்டு பேரும் ஜீப்புல ஏறுங்க. செத்துப்போன இஞ்சினைப் பாக்கணும்."

* * *

நாமக்கல். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு நடுவே குமரகுருவின் ஷெட். உள்ளே வயிற்றைக் கிழித்துப் போட்டது போல, இஞ்சின் இல்லாத பாப்கேட். அதன் அருகே மரக்கட்டைகள் மேல் பளபளவென்று பச்சை பெயின்ட்டில் ஒரு டீசல் இஞ்சின்.

"வாங்க மேடம்! இதான் மேட்டூர் இஞ்சின். ஒரு தட்டு தட்டினா ஸ்டார்ட் ஆயிரும்." குமரகுரு சிரித்தான்.

"பழசு எங்க?"

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்க. சேலம் போயிருச்சு."

"ரெண்டே நாள்ல காரியம் முடிஞ்சு சாம்பலும் கரைச்சாச்சு மேடம்," என்றார் அப்புசாமி.

"இதோட நம்பர்?"

"தகடு தேஞ்சு போச்சுங்க."

"இதை லோடர்ல மாட்ட எத்தனை நாளாகும்?"

"நாளா? சாயங்காலத்துக்குள்ள ஒக்காந்துருமுங்க!"

பிரவீனா இஞ்சினைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"வர்ற வழியில ரெண்டு மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். ஜெனரேட்டர் இஞ்சினை லோடர்ல மாட்டணும்னா ஹைட்ராலிக் பம்ப்போட சேக்கறதுக்குப் புது கப்ளிங் செய்யணுமாம். தாங்குற பிராக்கெட்டை வெட்டி வெல்டிங் வைக்கணுமாம். ஒரு வாரம் ஆகும்னாங்க. உங்களுக்கு மட்டும் எப்படி சாயங்காலம்?"

குமரகுருவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது... நம்ம அதிர்ஷ்டமுங்க. ஓட்டையெல்லாம் அச்சு அசலா பொருந்துதுங்க."

"ஓட்டிக் காட்டுங்க."

பேட்டரி ஒயரைக் கொடுத்தான். தட்டினான்.

தடதடதடதட...!

உண்மையிலேயே நல்ல இஞ்சின். புகை இல்லை. தட்டல் இல்லை. சூடு ஏறியது. பெயின்ட் லேசாகக் காந்தியது...

பிரவீனாவின் கை தானாகக் கர்சீப்பைத் தேடியது.

"குமரகுரு! மேட்டூர் ஐஸ் ஃபேக்டரின்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க! டேம் மீனுக்கு ஐஸ் போடுற ஃபேக்டரிங்க!"

"அப்ப சூடானா மீன் நாத்தமில்ல அடிக்கணும்? இது ஏன் கோழி எரு நாத்தம் அடிக்குது?"

பட்டறையே ஒரு நொடி மூச்சை நிறுத்தியது. (அந்த நாற்றத்தில் அதுவே நல்லது.)

"நாத்தமுங்களா? எங்கீங்க?" தீனதயாளன் மறுபடியும் மோந்தார்.

"அது... அது மொதலாளி மேல அடிக்குதுங்க மேடம்!" குமரகுரு அவசரமாகச் சொன்னான். "அவங்க ரெண்டு பேரும் பண்ணையில இருந்துதானே வந்திருக்காங்க!"

"நியாயம்! தயாளன், ஆண்டி... ரெண்டு பேரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைக்குப் போங்க. கூப்பிட்டா வந்தா போதும்."

போனார்கள். டீக்கடையில் இருந்த நாலு பேர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள்.

பிரவீனா காத்திருந்தாள். காற்று மாறும் வரை காத்திருந்தாள்.

"ஏட்டய்யா, நீங்க மோந்து பாருங்க."

அப்புசாமி இஞ்சினருகே குனிந்தார். குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்தார்.

"மேடம்! கொஞ்சம் விட்டா முட்டையே போடும்போல இருக்கு!"

"நிறுத்துங்க இஞ்சினை!"

நின்றது. பிரவீனா ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் இருந்த இடுக்கில் விட்டுக் கிளறினாள். காய்ந்த எருக்கட்டி ஒன்று உதிர்ந்தது. கூடவே வந்தது...

ஒரு சிறகு!

வெளியே நீட்டியிருந்த பாதி பச்சை. உள்ளே மாட்டியிருந்த பாதி வெள்ளை.

"சிறகு மொதல்ல. பெயின்ட் அப்புறம்." பிரவீனா அதைத் தூக்கிக் காட்டினாள். "மேட்டூர்ல நான் பொறந்து வளந்திருக்கேன் குமரகுரு. அங்க எந்த ஐஸ் ஃபேக்டரில பச்சைக் கோழி வளக்கறாங்க?"

குமரகுருவுக்கு வியர்த்தது. பிரவீனா டீக்கடையைப் பார்த்துக் கையசைத்தாள். இருவரும் ஓடி வந்தார்கள்.

"தயாளன், உங்க இஞ்சின் சாகவே இல்ல. பழைய இரும்புக்கும் போகல. கழுவி, நம்பரைத் தேச்சு, பெயின்ட் அடிச்சு உங்களுக்கே விக்கப் பாத்திருக்கான் இந்த ஆளு. ஒரு புகார் எழுதிக் குடுங்க. இப்பவே உள்ள தள்ளிடறேன்."

ஆண்டி வாயைப் பிளந்தான். அவன் தோளிலிருந்து மூன்று வருடம் கழன்று விழுந்தது.

தீனதயாளன்?

குதிக்கவில்லை. கத்தவில்லை. குமரகுருவின் சட்டையைப் பிடிக்கவில்லை. கர்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"பரவால்லீங்க மேடம்... ஏதோ தெரியாம... உட்டுருங்க."

"தெரியாமயா பெயின்ட் அடிச்சான்?"

"நம்ம ஆளுதானுங்க... பாவம்..."

"ஓ! ஆறு வருசமா உழைச்சவன் ஆயில் பாக்கலன்னதும் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தீங்க. உங்க இஞ்சினை உங்ககிட்டயே விக்கறவனை மட்டும் உட்டுறணுமா? ஏட்டய்யா, குமரகுருவை ஜீப்புல ஏத்துங்க."

அப்புசாமி தோளைத் தொட்டதுதான் தாமதம். இத்தனை நேரம் 'மொதலாளி, மொதலாளி' என்று குழைந்த குமரகுரு அலறினான்.

"டேய் தயாளா! நீயே சொல்லீர்றா! பள்ளிக்கூடத்துல இருந்து உன்ற கூட சேந்து நான் உருப்பட்டதே இல்ல! இஞ்சினுக்கு டீசல் போவாம டேங்குல பஞ்சைப் போடச் சொன்னது நீயி! இஞ்சின் போச்சுன்னு சொல்லச் சொன்னது நீயி! பச்சை பெயின்ட் வாங்கிக் குடுத்ததும் நீயி! இப்ப ஜீப்புல மட்டும் நானா?"



 

"மொதலாளி..." ஆண்டி திரும்பினான். "நீங்களா?"

புகார் கொடுத்தவரே குற்றவாளி!

தீனதயாளன் ஒரு டயர் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போறேன்னு சொன்னானுங்க மேடம்... அன்னைக்கிருந்து தூக்கமே இல்ல. இவன் போனா ஷெட்டுக்குள்ள எவன் ஓட்டுவான்? இருடான்னு கேக்க எனக்கு வாய் வரலீங்க. கடன்னு ஒண்ணு தலையில ஏறுனா போவ மாட்டான்னு... நெனச்சேன்."

"இதுக்குப் பேரு கொத்தடிமை தயாளன்!" பிரவீனா சீறினாள். இதுவரை விளையாட்டாக இருந்த குரல் இல்லை இது. "அவன் பொண்ணு அப்பாவைப் பாத்துக் கதவுக்குப் பின்னால ஒளியுது. உங்களுக்கு முட்டைக் கணக்கா? அரெஸ்ட் பண்ணாதீங்க, பண்ணையிலேயே கட்டிப்போடுங்கன்னு கேட்டப்பவே எனக்கு உறுத்துச்சு!"



ஆண்டி மெதுவாகத் தீனதயாளன் எதிரே வந்து நின்றான்.

"'இரு ஆண்டி'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மொதலாளி..."

தீனதயாளன் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம். "கேட்டிருந்தா... இருந்திருப்பியா சாமி?"

"இல்லீங்க. ஆனா வேற ஒரு ஆளை உக்கார வச்சு, கோழிங்க மெரளாத மாதிரி பழக்கி உட்டுட்டுப் போயிருப்பேன்."

வெளிச்சம் அணைந்தது. அடித்திருந்தால்கூட அந்த மனிதருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"ஆண்டி, புகார் குடுக்கறியா?" பிரவீனா கேட்டாள்.

"திங்கக்கிழமை நான் ஆத்தூர்ல இருந்தா போதும் மேடம்."

"இருப்ப. பொய்ப் புகாருக்கும் பச்சை பெயின்ட்டுக்கும் சேத்து இவங்க ரெண்டு பேரையும் நான் தனியா கவனிச்சுக்கறேன்."

* * *

ஞாயிற்றுக்கிழமை. மேட்டூருக்குப் போகாமலேயே மேட்டூரிலிருந்து வந்த பச்சை இஞ்சின், தன் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்திருந்தது.

ஆண்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். பையில் மகளுக்கு ஒரு பொம்மை. ஜன்னலோரம் உட்கார்ந்து பிரவீனாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டான். பிரவீனா சிரித்தாள். பஸ் மறைந்தது.

சம்மனில் கையெழுத்து வாங்க ஜீப் பண்ணைக்குப் போனது. ஆபீஸ் ரூமில் தீனதயாளன் இல்லை.

"மொதலாளி எங்கம்மா?" எருக்கூடையோடு வந்த ராமாயியைக் கேட்டாள் பிரவீனா.

"வேற டிரைவர் ஆரும் சிக்கலீங்க. அவரே பாப்கேட்ல ஏறி ஷெட்டுக்குள்ள போயிருக்காருங்க. ஓட்டத் தெரியாதுங்கன்னு சொன்னேன். கேட்டாத்தானே!"

தடதடவென்று இஞ்சின் உயிர்பெற்றது. அடுத்த நொடி, 'டமார்!' என்று எதிலோ இடித்தது.

அதற்கடுத்த நொடி, ஷெட் கூரையே பெயர்ந்து போகிற மாதிரி கோழிகளின் பெருங்கூச்சல்!

பிரவீனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். மூக்கைப் பொத்த மூன்றாவது கை இல்லையே என்று தவித்தாள்.

"என்ன ஏட்டய்யா இது?"

அப்புசாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"மொதலாளிக்கு எதிரா முப்பதாயிரம் சாட்சிங்க மேடம்... இதுல ஒண்ணுகூடப் பிறழ் சாட்சி ஆகாது!"