தொழுவத்துக் கதவு

ஈரம் மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது.

ரூத் தேநீர்த் தட்டோடு நடைவழியில் நின்றுவிட்டாள். டார்ட்மூர் மேட்டுநிலத்தில் இந்த மாதிரிப் பழைய கல்வீடுகளைச் சரிவில்தான் கட்டினார்கள். வைக்கோல் வேய்ந்த ஒரே கூரை, மேல்பாதியில் மனிதர்கள், கீழ்ப்பாதியில் தொழுவம், நடுவில் இந்த நடைவழி. சாணமும் மூத்திரமும் கீழே ஓடி, கடைசிச் சுவரின் ஓட்டை வழியாக வெளியே போய்விடும். எதுவும் மேலே ஏறியதில்லை. இப்போது தொழுவத்துக் கதவின் அடியிலிருந்து மெல்லிய ஈரக்கோடு ஒன்று, கல்லுக்குக் கல் தயங்கி, அவள் செருப்பை நோக்கி வந்தது. மூத்திர வாடை. மாட்டுடையது இல்லை. மாடுகளை விற்று வருஷங்கள் ஆகிவிட்டன.

"என்னடி ரூத்து, தேயிலை பறிக்கவே போயிட்டியா?" கூடத்திலிருந்து வின்னி கத்தினாள். "ஹில்டா இங்க ஸ்கோன் ரொட்டி மொத்தத்தையும் முழுங்கிட்டா!"

"இதோ வந்துட்டேன்."

இருவரும் சர்ச்சுத் தோழிகள். அப்பாவை அடக்கம் செய்தபின் இன்றுதான் வந்திருக்கிறார்கள். ஹில்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவ நீ பாத்துக்கிட்ட மாதிரி எந்த மகளும் பாத்துக்க மாட்டா."

ரூத்துக்குக் காதுவரை சுட்டது. அப்பாவுக்குப் புத்தி தடுமாறி, உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொள்ள ஆரம்பித்தபோது, இவர்கள் தேநீருக்கு வருகிறார்களே என்று வெட்கப்பட்டுத்தான் அவரைத் தொழுவத்தில் விட்டுத் தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். பிறகு யார் வந்தாலும் போட்டாள். பிறகு எப்போதும். "ரூத்து, ரூத்து" என்று அவர் அலறினார். அது என்ன சத்தம் என்று, மாடுகளை விற்றது தெரியாத வின்னி கேட்டபோது, "அது மாடுதான், கிழட்டு மாடு" என்றாள். மூவரும் சிரித்தார்கள். ஒருநாள் அலறல் பாதியில் நின்றது. இவர்கள் இரண்டாவது கோப்பையும் குடித்து முடிக்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. கதவின் உட்புறம் ஆழமான கீறல்கள்; அவருடைய நகங்கள் அவற்றிலேயே பதிந்திருந்தன.

இதே அப்பாதான் தினமும் சாயங்காலம் மாடுகளைச் சங்கிலியில் பிணைக்கும்போது, "ஹோ, ஹோ, நில்லு என் கண்ணு" என்று கொஞ்சியவர். ஒரு மாட்டைக்கூட அடித்ததில்லை.

ஹில்டா மூக்கைச் சுளித்தாள். "என்னடி இது, ஒரு வாடை?"

ஈரம் கூடத்து வாசலுக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போனால் வின்னி எழுந்து பார்ப்பாள். கதவைத் திறப்பாள். அந்தக் கீறல்களைப் பார்ப்பாள்.

"சாக்கடை அடைச்சிருக்கும். நீங்க சாப்பிடுங்க." ரூத் வாளியையும் துணியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள், தாழ்ப்பாளை இழுத்தாள், உள்ளே போனாள்.

பகலிலும் இருட்டு. கீற்றுப் போன்ற குறுகிய ஜன்னல்களில் சாம்பல் வெளிச்சம், தலைக்குமேல் கூரை வைக்கோலின் பழம்புழுதி வாசம், சுவரோரம் மாடு கட்டும் கற்களில் துருப்பிடித்துத் தொங்கும் சங்கிலிகள். குனிந்து தரையைத் தொட்டாள்.

காய்ந்திருந்தது.

ஒரு சொட்டு ஈரமில்லை.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"வின்னி! கதவத் திறடி! ஹில்டா!" அவள் அறைந்தாள். சுரண்டினாள். விரல்கள் அந்தக் கீறல்களுக்குள் சரியாகப் பொருந்தின.

கூடத்தில் கோப்பை ஒன்று தட்டில் உட்காரும் சத்தம்.

"யாருடி அது, இப்பிடிக் கத்துறது?" வின்னிதான் கேட்டாள்.

பதில் சொன்னது ரூத்தின் குரல். அவளுடைய சொந்தக் குரல்.

"அது மாடுதான். கிழட்டு மாடு."

மூவரும் சிரித்தார்கள்.

இருட்டில், அவளுக்குப் பின்னால், ஒரு சங்கிலி கல்லிலிருந்து கழன்றது. நகமில்லாத கை ஒன்று அவள் பிடரியை மெதுவாக, மெதுவாக வருடியது.

"ஹோ, ஹோ. நில்லு என் கண்ணு."

குளிர்ந்த இரும்பு கழுத்தைச் சுற்றி வந்தது.