கறுப்புக் கோட்டில் ஒரு வெளுப்பு

மாப்பிள்ளையின் கறுப்புக் கோட்டில், இடது தோளுக்குக் கீழே, வெளுப்பாக ஒரு திட்டு இருந்தது. அவன் பிரஷ்ஷால் அழித்தான். போகவில்லை. படத்தைப் பெரிதாக்கி மறுபடி அழித்தான். ம்ஹூம். கோட்டின் மடிப்பெல்லாம் மழுங்கிப்போனதுதான் மிச்சம்.

கல்யாண ஆல்பங்களுக்குக் கலர் கரெக்‌ஷன் செய்வது அவன் தொழில். பழைய லேப்டாப் போன வாரம் மண்டையைப் போட்டுவிட்டதால், கடைக்காரர் காலையில் இரண்டு லேப்டாப்புகளைக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒன்றில் பளபளக்கும் கிளாஸி ஸ்கிரீன், மற்றதில் மங்கலான மேட். "ரெண்டுலயும் வேலை பார்த்துப் பாருங்க சார். கிளாஸியில கலர் சும்மா அள்ளும். ஆனா எதிர்ல இருக்கிறதெல்லாம் அதுல விழும், அதான் தொல்லை. அஞ்சு மணிக்கு வந்து வேணாங்கிறதை எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவன் முதலில் கிளாஸியில்தான் உட்கார்ந்திருந்தான்.

இந்தத் தொழிலில் ஜன்னலுக்குத் திரை போட்டு, சாம்பல் சட்டை மாட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். சட்டையின் நிறம் ஸ்கிரீனில் பட்டால் படத்தின் நிறம் கண்ணை ஏமாற்றிவிடும். அவனிடம் ஒரே மாதிரி ஏழு சாம்பல் சட்டைகள். "உங்களுக்கு மாத்துச் சட்டையே இல்லைன்னு பக்கத்து வீட்டுல பரிதாபப்படுறாங்க" என்று கேலி செய்வாள் அவன் மனைவி. அவள் நர்ஸ். பகல் டியூட்டிக்குப் போயிருந்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் மரத் தொட்டிலில் எட்டு மாதப் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பெற்ற பிள்ளை.

திட்டு நகர்ந்தது.

அட, படத்திலேயே இல்லை! ஸ்கிரீனில் விழுந்த பிம்பத்தைப் போய் அழித்துக்கொண்டிருந்திருக்கிறான். தன் தலையில் தானே தட்டிச் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. திரை மூடியிருக்கிறது, சட்டை சாம்பல், அப்படியென்றால் வெளுப்பாக எது?

மின்விசிறியின் கரகரப்பும், பாப்பாவின் மெல்லிய மூச்சும், எங்கோ தெருவில் ஒரு வண்டி பின்னால் போகும்போது அடிக்கும் பீப் ஒலியும் கேட்டுக்கொண்டிருக்க, ஈரத்துணியைப் பெட்டியில் போட்டு மூடி மறந்ததுபோல ஒரு பூஞ்சை வாடை மெதுவாக மூக்கில் ஏற, அவன் அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் உற்றுப் பார்த்தான். அறை வாசலில் ஒரு பெண். வெளுத்த உடை. தலை குனிந்திருந்தாள்.

திரும்பினான். வாசலில் யாரும் இல்லை. பாப்பா தூங்கினாள்.

மறுபடி ஸ்கிரீன். அவள் வாசலுக்கு உள்ளே வந்திருந்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தவரை அசையவில்லை.

மனைவிக்குப் போன் போட்டான்.

"என்னங்க, பாப்பா அழுறாளா?"

"இல்ல, தூங்குறா. இந்த கிளாஸி ஸ்கிரீன்ல... பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி தெரியுதும்மா."

"மூணு நாளா சரியா தூங்காம வேலை பார்த்தா ஆள் மட்டுமா தெரியும், ஊர்வலமே தெரியும். கண்ணுக்குக் கெடுதலுங்க அது. பேசாம மேட்டையே வச்சுக்கோங்க."

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. கிளாஸியை மூடி ஓரமாக வைத்துவிட்டு மேட்டைத் திறந்தான். அப்பாடா! வாசலும் இல்லை, ஆளும் இல்லை. கோட் சுத்தமாக, முழுக் கறுப்பாக இருந்தது. ஒன்றரை மணி நேரம் வேலை மளமளவென்று ஓடியது. நடுவில் தொட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தான். பாப்பா புரண்டு படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு, திருப்பிக் கொடுப்பதற்கு முன் அதிலிருக்கும் படங்களை அழித்துவிடலாம் என்று கிளாஸியைத் திறந்து பட்டனை அமுக்கினான். ஸ்கிரீன் கறுப்பாகவே நின்றது. அறை முழுக்க அதில் பளிச்சென்று தெரிந்தது.

தொட்டிலும் தெரிந்தது.

காலித் தொட்டில்.

சட்டென்று திரும்பினான். பாப்பா தொட்டிலில்தான் இருந்தாள். விழித்திருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். பாய்ந்துபோய் வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டான். அதே கனம். அதே கதகதப்பு. "ஒண்ணுமில்லடா தங்கம், அப்பா இருக்கேன்டா." கழுத்துமடிப்பில் முத்தமிட்டான்.

பூஞ்சை வாடை.

மெதுவாக, மிக மெதுவாக, ஸ்கிரீனைப் பார்த்தான்.

அதில் அவன் நின்றான். சாம்பல் சட்டை. வளைந்த இரண்டு கைகள். கைகளுக்குள் ஒன்றுமில்லை.

அவனுக்குப் பின்னால் வாசலைத் தாண்டி வெளுத்த உடை போய்க்கொண்டிருந்தது. அந்தத் தோளுக்கு மேல் பாப்பாவின் முகம். அவன் பாப்பா. இரண்டு கையையும் அவன் பக்கம் நீட்டி, வாய் முழுக்கத் திறந்து, முகம் சிவக்க அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை.

ஐயோ, அவன் பார்க்காமல் இருந்த அந்த ஒன்றரை மணி நேரம்!

"பாப்பா!"

ஸ்கிரீனை நோக்கி ஒரு கையை நீட்டினான். லேப்டாப் முழுதாக ஆன் ஆனது. வெள்ளை வெளிச்சம் ஸ்கிரீனை நிறைக்க, வாசலும் அந்த முகமும் நீட்டிய கைகளும் அதில் மறைந்தன.

அவன் காதோரம் பிள்ளை கலகலவென்று சிரித்தது. இரண்டு சின்னக் கைகள் அவன் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டன.